ஜன்னலோரக் கட்டிலின் ஜடை

என் சீருடைப் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். கட்டுத் துணி வெட்ட, பிளாஸ்திரி வெட்ட, அவசரம் என்றால் நோயாளியின் சட்டையையே வெட்டி எடுக்க. "அந்தக் கத்தரி மழுங்கினாலும் எங்க சிஸ்டர் வாய் மழுங்காது" என்று எங்கள் ஆயாம்மா புது நோயாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்தி வைப்பாள். நான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். டாக்டர்கள் வருவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், போவார்கள். மற்ற நேரமெல்லாம் அங்கே நான் வைத்ததுதான் சட்டம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அந்தப் பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். மூளைக் காய்ச்சல். உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் ஆள் இன்னும் வந்து சேரவில்லை. கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மூக்கில் குழாய், கையில் ஊசி. காய்ச்சலுக்கு முன்னால் அவள் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவளாம். வேன் நிறைய பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பாளாம். இப்போது ஈ உட்கார்ந்தாலும் முகத்தைச் சுளிக்கவில்லை.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கே திக்கென்றது. பின்மண்டையில் இருந்ததை முடி என்று சொல்ல மனம் வரவில்லை. இடுப்பைத் தாண்டும் கூந்தல், வாரக்கணக்கில் மல்லாந்தே கிடந்ததில் வியர்வையும் பிளாஸ்திரிப் பசையும் சேர்ந்து திரண்டு, கால் துடைக்கும் நார் மிதியடி போல ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. அதற்கு அடியில் தோல் சிவந்திருந்தது. இன்னும் சில நாள் அந்தக் கட்டி மேலேயே தலை அழுந்தினால் புண் வைக்கும். மண்டையில் புண் வைத்தால் லேசில் ஆறாது. என் கை தானாகப் பைக்குள் போய்விட்டது.

"எடுத்துடலாம்" என்றேன்.

"வேணாம் சிஸ்டர்."

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த மனிதர்தான் சொன்னார். அவள் கணவர். நீல நிற வேலை உடுப்பு, தோளில் கருவிப் பை, நகக்கண்ணில் கறுப்பு மசகு. லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் எழுப்பும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் படியேறியே வந்தவர். அந்த லிஃப்ட்டில் நாங்கள் தினமும் போகிறோம் என்பது வேறு விஷயம்.

"வேணாம்னா எப்படி? அடியில தோலு செவந்திருக்கு, பாருங்க. புண்ணு வந்தா யாரு பதில் சொல்றது? முடிதான சார், வெட்டினா வளந்துட்டுப் போகுது."

"வளரும் சிஸ்டர். ஆனா அவளைக் கேக்கலையே."

"அவங்க பதில் சொல்ற நெலமையிலயா இருக்காங்க?"

"இல்லதான். அந்த நெலமை வரட்டும். அவ முடி. அவதான் சொல்லணும்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். ஆயாம்மா சத்தமில்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே நழுவினாள். மனைவியின் அழகு கெட்டுவிடும் என்று கணவன்மார் பதறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் உயிரோடு வந்தாலே போதும் என்று நினைக்கவேண்டிய நேரத்தில் கூந்தலுக்குக் காவல் நிற்கிறாரே என்று எரிச்சல் வந்தது. "பெரிய டாக்டர் அடுத்த வாரம் ரவுண்ட்ஸ் வருவாரு. அதுக்குள்ள இந்தக் கட்டியைப் பிரிச்சு, தோலு பழையபடி ஆகணும். ஆகலைன்னா நானே வெட்டுவேன். அப்புறம் அவ முடி இவ முடின்னு பேசக்கூடாது" என்றேன். அவர் தலையாட்டினார். மயிரைக் கட்டி மலையை இழுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே மயிரே மலையாக இருந்தது.

மறுநாள் மாலை நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் தலையணை, விரிப்பு, நோயாளியின் சட்டைக் கழுத்து எல்லாம் எண்ணெய். கட்டிலிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் கால் வைத்த ஆயாம்மா கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு முழு பாட்டில் எண்ணெயை அந்தக் கட்டியில் கவிழ்த்திருந்தார் மனிதர்.

"என்ன சார் இது?"

"எதாவது சிக்கி நின்னுச்சுன்னா மொதல்ல எண்ணெய் விடணும் சிஸ்டர். ஊறட்டும். அப்புறம் மெதுவா அசைச்சா விட்டுக்குடுத்துடும்."

"இது தலை சார்! உங்க மெஷின் ரூம் இல்லை!"

"இன்னும் கொஞ்சம் கடுகு போட்டா தாளிச்சே எடுத்துடலாம்" என்றாள் கம்பியில் தொங்கியபடியே ஆயாம்மா.

எண்ணெய் குடித்த கட்டி இன்னும் இறுகி, போர்வைப் பஞ்சையும் தூசியையும் வாங்கிக்கொண்டு தார் உருண்டை மாதிரி ஆகியிருந்தது. நான் திட்ட ஆரம்பித்தேன். நான் திட்ட ஆரம்பித்தால் பக்கத்து வார்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். எதிர்த்துப் பேசவில்லை, சாக்குச் சொல்லவில்லை, மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளவும் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டார்: "சரி சிஸ்டர். தப்புதான். இப்ப இந்த எண்ணெயை எப்படி எடுக்கறது?"

இப்படிக் கேட்கிற ஆளை மேற்கொண்டு எப்படித் திட்டுவது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாலு பெண்களைப் பெற்ற ஆயாம்மாவுக்கு என்னைவிட நிறையத் தெரிந்திருந்தது. ஷாம்பூவை அப்படியே கொட்டாமல் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். நகத்தால் பிறாண்டக் கூடாது, விரல் நுனியின் சதையால் தலைத்தோலைத் தேய்க்க வேண்டும். முடியைக் கசக்கக் கூடாது, நுரை வழிந்து போகும் வழியிலேயே அது சுத்தமாகிவிடும். துண்டால் முறுக்கித் துவட்டக் கூடாது, பழைய பனியனால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தில் பின்னக் கூடாது. ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

படுத்த படுக்கையாக இருப்பவளுக்குத் தலை அலசுவது எங்கள் வார்டில் எப்போதும் ஒரு வெள்ளப் பெருக்கு. மறுநாள் பார்த்தால், அவர் தலை அலச ஒரு தொட்டியைத் தானே செய்துகொண்டு வந்தார். ரப்பர் விரிப்பை மூன்று பக்கம் மடித்து, ஓரத்துக்குள் பஞ்சுக் குழாய் வைத்து ஒட்டி, கழுத்து பதிகிற இடத்தில் மட்டும் வளைவாக வெட்டி, அடியில் ஒரு குழாய் இறக்கி வாளிக்கு வழி விட்டிருந்தார். கட்டிலில் வைப்பதற்கு முன்னால் வராந்தாவில் வைத்துத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். குனிந்து அடியில் தடவிப் பார்த்து, "ஒரு சொட்டுக்கூட இல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகுதான் அவள் தலையைத் தூக்கி அதில் வைத்தார். தூக்கியதைச் சொல்ல வேண்டும். ஒரு கை கழுத்துக்கடியில், ஒரு கை பின்மண்டையில். பச்சைக் குழந்தையைத் தூக்குவதற்குப் பயிற்சிக்கு வருகிற நர்ஸ் பெண்களுக்கு நான் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கிற பிடி அது. இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

எண்ணெய் போனது. கட்டி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்கள் அலுத்துப்போனாலும்.

தினமும் வேலை முடிந்து வருவார். குழாயடியில் நின்று நகக்கண்ணெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தலைமாட்டில் உட்காருவார். அகலப் பல் சீப்பு ஒன்று, முடியை வழவழப்பாக்குகிற கண்டிஷனர் ஒரு கிண்ணத்தில். மேலிருந்து சீவினால் சிக்கு கீழே இறங்கி இறுகும் என்பதை ஒரே நாளில் கண்டுகொண்டார். அதனால் நுனியிலிருந்து தொடங்குவார். ஒரு விரல் அளவு பிரிந்ததும் அதற்கு மேல் ஒரு விரல் அளவு. பிரிக்கிற இடத்துக்கு மேலே இடது கையால் முடியைப் பிடித்துக்கொள்வார், இழுப்பு வேர் வரைக்கும் போகக்கூடாதாம். "அவளுக்கு வலிச்சாலும் வலிக்குதுன்னு சொல்ல முடியாதுல்ல சிஸ்டர்" என்றார். வலி தெரியாத நிலையில் இருப்பவள் என்று நான் குறித்து வைத்திருந்த பெண்ணைப் பற்றி.

ஒரு முடிச்சுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போன நாள் உண்டு. பெருமூச்சு விட்டதில்லை. சீப்பை வைத்துவிட்டு விரலால் நெகிழ்த்துவார். பேசிக்கொண்டே இருப்பார், என்னிடம் இல்லை, அவளிடம். "இந்த முடிச்சு பின் சீட்டுப் பையன் வேலை. பிரேக் போடும்போதெல்லாம் ஜடையைப் பிடிச்சு இழுப்பானே, அவன். நேத்து வீட்டுக்கு வந்தான். ஜடையக்கா எப்ப வருவாங்கன்னு கேட்டான். வந்ததும் உன் காதைத் திருகுவாங்கன்னு சொல்லியிருக்கேன்." பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஜடையக்கா. கொஞ்ச நாளில் வார்டே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. நான் மட்டும் நோயாளி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், சட்டம் போட்டவள் அல்லவா.

பெரிய டாக்டர் வந்த அன்று கட்டி பாதிக்கு மேல் பிரிந்திருந்தது. மீதியையும் கணவர் பக்கவாட்டில் ஒதுக்கி வைத்திருந்ததால் தலை அதன்மேல் அழுந்தவில்லை. டாக்டர் தலையைத் திருப்பிப் பார்த்தார். தோல் வெளுத்து ஆறியிருந்தது. "நல்லா பாத்துக்கறீங்க சிஸ்டர்" என்று என்னைப் பாராட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கணவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரியைப் பையின் அடிக்குத் தள்ளிவிட்டு, "மீதியையும் முடிங்க" என்று மட்டும் சொன்னேன்.

முடித்தார். ஒரு மாலை கடைசி முடிச்சும் விட்டுக் கொடுத்தது. அலசி, ஒற்றி, மின்விசிறியைத் தள்ளி வைத்துக் காயவிட்டு, அந்தக் கூந்தலைக் கட்டிலின் விளிம்பு வழியாகத் தொங்கவிட்டார். அது ஏறக்குறைய தரையைத் தொட்டது. ஜன்னல் வழியே வந்த சாய்ந்த வெயில் அதில் பட்டபோது உள்ளுக்குள் ஒரு செம்பழுப்பு நிறம் தெரிந்தது. நான் மருந்து டிரேயோடு நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். எத்தனையோ தலைகளைப் பார்த்தவள் நான். அப்படி ஒரு கூந்தலைப் பார்த்ததில்லை. நாலு கட்டில் தள்ளியிருந்த கிழவி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். பார்க்க வந்தவர்கள் தங்கள் நோயாளியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள் என்பார்கள். இங்கே உள்ளவளுக்கு அள்ளி முடியக் கை எழவில்லை, அவளுக்காக ஒரு மெக்கானிக் முடிந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு அது ஒரு ஒழுங்காயிற்று. கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வழவழப்பான துணியில் தலையணை உறை தைத்து வந்தார், முடி உரசி உடையாமல் இருக்க. நுனிக்கு மட்டும் சில சொட்டு எண்ணெய், உள்ளங்கையில் தேய்த்துத் தடவுவார். எண்ணெயைத் தொடும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார். ரப்பர் பேண்டு கிடையாது, துணி நாடாதான். தளர்வாக ஒற்றைப் பின்னல், ஒரு நாள் இடது தோளில், மறுநாள் வலது தோளில், ஒரே பக்கம் அழுந்தக் கூடாது என்று. முதல் பின்னல் கயிறு திரித்தது போல இருந்தது. பிறகு கை படிந்துவிட்டது.

அப்படிப் பின்னிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றார்.

"கோவிச்சுப்பேன். சொல்லுங்க."

"உங்க கொண்டை ரொம்ப இறுக்கம் சிஸ்டர். நெத்தி ஓரத்துல முடி பின்னாடி போயிட்டே இருக்கு பாருங்க. எப்பவும் லோடு ஏத்தியே வச்சிருந்தா லிஃப்ட் கம்பியே இத்துப் போகும்."

"உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். மனிதர் சொன்னது சரிதான். அந்தக் கோபத்தில் கொண்டையை இன்னும் இறுக்கிக் கட்டினேன், அது என் குணம்.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் ஒரு நாள் பணியறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி முடி.

"சீப்பை வச்ச ஒடனே வருது சிஸ்டர். இழுக்கவே இல்ல. நேத்தும் வந்துது, நான் சொல்லல. நான்தான் எதோ தப்புப் பண்ணிட்டேன். நீங்க அன்னிக்கே வெட்டியிருந்தா வேராவது நல்லா இருந்திருக்கும்."

அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோதுகூட அழவில்லையாம். நான் அந்த முடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் வேர்ப்பக்கத்திலும் சின்ன வெள்ளைப் புள்ளி. உடைந்த முடி இல்லை, தானாக உதிர்ந்தது.

"இது உங்க கை இல்ல. காய்ச்சல். பெரிய காய்ச்சல் வந்தவங்களுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு இப்படிக் கொட்டும். வேரு சாகல, அதே எடத்துல புதுசு வரும். நீங்க ஒழுங்கா பாத்துக்கிட்டதாலதான் இவ்வளவு மிச்சம் இருக்கு. போங்க, போய்ப் பின்னி விடுங்க."

"நெஜமாவா?"

"பொய் சொல்லி உங்களை சமாதானப்படுத்தற ஆளா நான்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல" என்றார். உதிர்ந்ததைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் முடி கொட்டியது, அவரும் அதே பொறுமையோடு சீவினார். எனக்கு அவர்மேல் இருந்தது மரியாதை என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன். சிஸ்டர் இவ்வளவு மெதுவான குரலில் பேசியதே இல்லை என்று ஆயாம்மா வார்டெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஜடையக்கா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தாள். முதலில் கண் வந்தது. அவர் முக்காலியை இழுக்கும் சத்தத்துக்குக் கருவிழி திரும்பியது. பிறகு இடது கை வந்தது, விரலைக் கொடுத்தால் பிடித்தாள். குழாயை எடுத்தோம். ஒரு நாள் "தண்ணி" என்றாள், ஆயாம்மா ஓடிவந்த வேகத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே போய்விட்டது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக, படியேறி மூச்சு வாங்குவது போல வந்தது. வலது கை மட்டும் சண்டித்தனம் செய்தது. தோள் வரைக்கும் வரும், அதற்கு மேல் போகாமல் மடியில் விழும். இன்னும் நாளாகும், கொஞ்சம் பலவீனம் தங்கிவிடவும் செய்யலாம் என்றார் டாக்டர்.

உட்கார முடிந்த அன்று நான் ஒரு காரியம் செய்தேன். பணியறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனேன். அவர் அப்போதுதான் பின்னி முடித்திருந்தார். பின்னல் வலது தோள் வழியாக மடியில் இறங்கிக் கிடந்தது. உதிர்ந்தது போக மீதியே அவ்வளவு. அவள் அதைப் பார்க்க வேண்டும், பார்த்து அழ வேண்டும், நாங்கள் எல்லோரும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று நானே மனத்துக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

கண்ணாடியில் அவள் வெகுநேரம் பார்த்தாள். இடது கையால் பின்னலின் நுனியைத் தடவினாள். வலது கையைத் தூக்கினாள். அது தோள் வரைக்கும் போய், நடுங்கி, விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தது. அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"வெட்டிடுங்க."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்னம்மா?"

"முடி. வெட்டிடுங்க."

என் வாயை எனக்கே அடக்க முடியவில்லை. "வெட்டறதா? உனக்கென்ன தெரியும்? இந்த மனுஷன் எத்தனை நாளு இந்த முக்காலியில உக்காந்து ஒவ்வொரு இழையா பிரிச்சாரு தெரியுமா? ராத்திரி பகலா உன் தலைக்குக் காவலு இருந்தாரு! என்கிட்ட எவ்வளவு திட்டு வாங்கினாரு! சார், சொல்லுங்க சார், பேசாம நிக்கறீங்களே!"

அவரைத் திரும்பிப் பார்த்தேன். மனம் உடைந்து நிற்பார் என்று நினைத்துத்தான் திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ரெண்டு வருஷமா இவ இந்த முடியோட பஞ்சாயத்துப் பண்ணிட்டிருந்தா. ஒரு நாள் வெட்டணும்பா, மறுநாள் வேணாம்பா. உங்களுக்கு எது புடிக்குதுன்னு என்னைக் கேப்பா. ஒன் முடி, நீ சொல்லுன்னு சொல்லுவேன். முடிவு பண்றதுக்குள்ள காய்ச்சல் வந்துடுச்சு. அவ எந்த நாள் முடிவுல நின்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் ரெண்டுக்கும் வழி விட்டு வச்சிருந்தேன்." அவள் பக்கம் குனிந்தார். "எவ்வளவு வெட்டணும்?"

அவள் இடது கையால் காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக: "நானே... சீவணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அந்தக் கை முதல் தடவை விழுந்தபோதே புரிந்திருக்க வேண்டும். அந்த நீளத்தை ஒற்றைக் கையால் அவளால் ஆள முடியாது. அதை வைத்திருக்கும் வரைக்கும் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து சீவிவிட வேண்டும், அவள் தலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது எவ்வளவு அன்பான கையாக இருந்தாலும் அடுத்தவர் கை.

"நான் வெட்டமாட்டேன். வேற யாரையாவது பாத்துக்குங்க" என்றேன்.

ஜடையக்கா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு வந்ததைப் பார்த்தேன். "நீங்கதான... மொதல்ல... ஆசைப்பட்டீங்களாம்."

அவரிடம் திரும்பி, "எல்லாத்தையும் போட்டுக் குடுத்தாச்சா?" என்றேன்.

"தெனமும் பேசணும்னா எதாவது விஷயம் வேணுமே சிஸ்டர்" என்றார்.

மறுநாள் அவர் நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வந்தார். என் கத்தரி கட்டுத் துணிக்குத்தான் லாயக்கு, முடியின் நுனியைச் சிதைத்துவிடும் என்றார். வெட்டுவதற்கு முன் கடைசி தடவையாக அவரே சீவினார், நுனியிலிருந்து, விரல் விரலாக, எப்போதும் போல. பின்னலை மேலேயும் கீழேயும் துணி நாடாவால் கட்டினார். நான் வெட்டினேன். நான் இரண்டு தரம் நிறுத்தி நிறுத்தி வெட்டினேன், அவள் தலையை அசைக்கவே இல்லை. வெட்டிய பின்னல் என் கையில் பாரமாகக் கிடந்தது. அவள் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கு" என்றாள்.

"பாவம் அந்தப் பின் சீட்டுப் பையன், இனிமே எதைப் புடிச்சு இழுப்பான்?" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆயாம்மா.

ஜடையக்கா யோசித்தாள். "அதை... வேன்ல... சீட்டுக்குப் பின்னால... கட்டி விடுங்க. இழுக்கட்டும்."

வார்டே சிரித்தது. அவர் பின்னலைச் சுருட்டி, கருவிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் நான் மருந்து கொடுக்கப் போனபோது அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார், அந்தக் கைகளைச் சும்மா பார்ப்பது எனக்கே விசித்திரமாக இருந்தது. கட்டிலில் அவள் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு இடது கையில். முன்பக்கம் வந்தது, காதோரம் வந்தது. பின்பக்கம் எட்டுவதற்குத் தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்து, இரண்டு தரம் சீப்பைக் கீழே போட்டாள். ஒவ்வொரு தரமும் அவர் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். நேரமாயிற்று. கடைசியில் வகிடு எடுத்தாள். அது நெற்றியில் நேராகத் தொடங்கி, பாதியில் வழி தவறி, வலது காதைப் பார்க்கப் போயிற்று.

என் கை தானாக நீண்டது. ஒரு நொடி வேலை, சரிசெய்து விட்டுவிடலாம். அவர் எழுந்து என் மணிக்கட்டுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"விடுங்க சிஸ்டர்" என்றார் மெல்லிய குரலில். "அவ முடி."

நான் கையை இழுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் கண்ணாடியை எடுத்து அந்தக் கோணல் வகிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். சீப்பைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு, மருந்தைக் கொடுங்கள் என்று என்னிடம் கையை நீட்டினாள்.